டூடுலா, சாதி நாயா? சென்னையில் முதல் குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

"மேடம், இது எஃப்1 லாப்ரடூடுல். முடியே கொட்டாது. வீசிங் இருக்கறவங்க வீட்டுக்கே நாலு குட்டி குடுத்திருக்கேன்."

டூடுல் என்றால் பூடிலோடு வேறு இன நாயைச் சேர்த்து எடுத்த கலப்பு. லாப்ரடாரும் (லேப்) பூடிலும் சேர்ந்தால் லாப்ரடூடுல், எஃப்1 என்பது அதன் முதல் தலைமுறை. ஜிஎஸ்டி சாலையில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம், ஆப்பிள் பெட்டிக்குள் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தது குட்டி. 45,000 ரூபாய். பாதியை முந்தின வாரமே ஜிபே செய்திருந்தேன், மீதியை அங்கேயே நின்று அனுப்பினேன். குட்டிக்கு அறுபது நாள் ஆகிறது என்றார் விற்றவர். மறுநாள் மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "கடைவாய்ப் பல் இப்பதாம்மா முளைக்குது. அறுபது நாள் குட்டின்னா 28 பால்பல்லும் வந்திருக்கணும். இதுக்கு நாப்பது நாள் இருந்தாலே பெருசு" என்றார். நான்காம் நாள் வாந்தி, ரத்தப்போக்கு. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். ஐந்து நாள் டிரிப்ஸ், 23,000 ரூபாய். பிழைத்துக்கொண்டாள்.

காதோரம் சுருண்டிருந்த முடியைப் பார்த்து என் மகன் 'முறுக்கு' என்று பெயர் வைத்தான். ஆறு மாதத்தில் முறுக்கு சேவையாகிவிட்டது, ஒரு சுருளும் மிச்சமில்லை. ஒரு வயதில் எடை 11 கிலோ. லேபும் பெரிய பூடிலும் சேர்ந்து பிறந்த நாய் சாதாரணமாக 20 கிலோவைத் தாண்டும். மருத்துவர் ஸ்பேனியல், பொமரேனியன் என்று ஏதேதோ யூகிக்கிறார். எந்த லேபுக்கும் எந்தப் பூடிலுக்கும் இதில் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. அவள் இப்போது எங்கள் வீட்டு ராணி, அது வேறு விஷயம். ஆனால் நான் ஏமாந்த இடங்களில் நீங்களும் ஏமாற வேண்டியதில்லை. அதற்குத்தான் இது. சென்னையை வைத்து எழுதுகிறேன். உரிமம் பற்றிய பகுதியை உங்கள் ஊர் நகராட்சி விதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. பெயரை மறந்துவிட்டு, வீட்டைப் பாருங்கள்

எல்லாரும் 'எந்த பிரீட்' என்றுதான் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான். அதற்கு முன்னால் உட்கார்ந்து பேச வேண்டியவை வேறு. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? காலை ஐந்தரைக்கு யார் நடத்திக் கூட்டிப்போவது? லிஃப்ட் நின்றுபோனால் முப்பது கிலோ நாயை மூன்றாவது மாடிக்கு யார் ஏற்றுவது? மாதாமாதம் சீவிச் சிக்கெடுக்க யாருக்குப் பொறுமை உண்டு?

யாருக்காவது வீசிங், ஒவ்வாமை இருக்கிறதா என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய கேள்வி. அம்மாவுக்கு இருக்கிறது. டூடுல் பக்கம் நாங்கள் சாய்ந்ததே அதனால்தான். இங்கே ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: ஒவ்வாமையைக் கிளப்புவது முடி அல்ல. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதங்கள். முடி அவற்றைச் சுமந்து திரிகிறது, அவ்வளவுதான். 'ஒவ்வாமை தராத இனம்' என்று விற்கப்படும் நாய்களின் முடியைச் சோதித்தபோது, முக்கியமான அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை என்றே ஆய்வுகள் காட்டின. 1989-இல் ஆஸ்திரேலியாவில், ஒரு பார்வையற்ற பெண்ணின் கணவருக்கு ஒவ்வாமை என்று வழிகாட்டி நாய்க்காக லேபையும் பூடிலையும் முதன்முதலில் சேர்த்தார்களே, அந்த முதல் ஈற்றின் மூன்று குட்டிகளில் அவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். லாப்ரடூடுல் என்ற பெயரைப் பிரபலமாக்கிய குட்டிகளின் நிலையே அது.

அதனால் பிரீடர் சொல்லை நம்பாமல் இப்படிச் செய்யுங்கள். வாங்க நினைக்கும் வகையில் வளர்ந்த நாய் ஒன்று இருக்கும் வீட்டைத் தேடிப் பிடியுங்கள். ஒவ்வாமை உள்ளவரை அங்கே ஒரு மணி நேரம், கதவைச் சாத்திய அறையில், நாயைத் தொட்டுக்கொண்டு உட்காரவையுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி, இன்னொரு வாரம் விட்டு மறுபடி. மூன்று தடவையும் மூச்சு சீராக இருந்தால் மேலே யோசிக்கலாம். கடும் ஆஸ்துமா என்றால் இதையும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இரண்டு வாரம் போகும், செலவு பெட்ரோல்தான். நான் இதைச் செய்யவில்லை. அம்மா இப்போது தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு முறுக்கைக் கொஞ்சுகிறார்.

2. கலப்பா, சுத்தமா: விற்பவர் சொல்லாத கணக்கு

இந்தச் சண்டையில் இரண்டு கட்சி. 'கலப்பு என்றால் நோயே வராது, நம் தெருநாயைப் பாருங்கள்' என்பார் ஒருவர். 'கலப்பு என்றால் வெறும் கிராஸ், சாதி நாய்தான் ஆரோக்கியம்' என்பார் இன்னொருவர். இருவரும் ஏதாவது ஒரு குட்டியை விற்கப் பார்ப்பவர்கள்.

கலப்பு எங்கே உதவும் என்றால், தாய்க்கும் தகப்பனுக்கும் வெவ்வேறு குறை இருக்கும்போது. டால்மேஷியனை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்த டால்மேஷியன் ஒவ்வொன்றுக்கும் யூரிக் அமிலக் கோளாறு பிறவியிலேயே உண்டு, சிறுநீர்ப்பையில் கல் வரும் ஆபத்து அதிகம். இனத்துக்குள்ளேயே எவ்வளவு தேடியும் நல்ல மரபணு கிடைக்கவில்லை, ஏனென்றால் அது யாரிடமும் இல்லை. அமெரிக்காவில் 1973-இல் ஒரு பாயின்டரோடு சேர்த்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்துக்கொண்டு வந்துதான் அதைச் சரிசெய்தார்கள். இது காரணத்தோடு செய்த கலப்பு.

இப்போது லேபையும் பூடிலையும் பாருங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இரண்டிலும் உண்டு. விழித்திரை மெல்லத் தேய்ந்து பார்வை போகும் ஒரு பரம்பரை நோயும் இரண்டிலும் உண்டு. தாயும் தகப்பனும் ஒரே குறையை மறைவாகச் சுமந்தால், குட்டி ஒவ்வொன்றுக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. ஒன்று லேப், ஒன்று பூடில் என்பதால் அந்தக் கணக்கு மாறாது. லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜ் 2024-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. காக்கபூ (காக்கர் ஸ்பேனியல், பூடில் கலப்பு), காவபூ (காவலியர் ஸ்பேனியல், பூடில் கலப்பு), லாப்ரடூடுல் மூன்றையும் அவற்றின் தாய் தகப்பன் இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டார்கள். 86.6 சதவீத ஒப்பீடுகளில் வித்தியாசமே இல்லை. மிச்சத்தில் கொஞ்சம் கலப்புக்கு மோசம், கொஞ்சம் சுத்த இனத்துக்கு மோசம். கலப்பு என்பதற்காக அதிக விலை கொடுக்கவும் காரணமில்லை, சுத்தம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் காரணமில்லை.

எஃப்1, எஃப்1பி என்றெல்லாம் சொல்வார்கள். சுத்த லேபும் சுத்தப் பூடிலும் சேர்ந்தால் எஃப்1. அந்த எஃப்1-ஐ மறுபடி பூடிலோடு சேர்த்தால் எஃப்1பி. இரண்டு எஃப்1-களைச் சேர்த்தால் எஃப்2, இங்கேதான் குட்டிக்குக் குட்டி மாறும்: ஒன்று சுருட்டை, ஒன்று லேப் முடி, ஒன்று கம்பி மாதிரி. எஃப்1-லேயே முடி கொட்டும் குட்டிகள் உண்டு. நாற்பது நாள் குட்டியைப் பார்த்து 'கொட்டாது' என்று சொல்லவே முடியாது. வளர்ந்த முடி வருவதற்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

3. மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெயிலுக்கு ஆகாதவை என்று 11 இனங்களைப் பட்டியலிட்டது. பக், பிரெஞ்சு புல்டாக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ, அலாஸ்கன் மாலமூட் எல்லாம் அதில் உண்டு. கொள்கையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், அந்தச் சட்டச் சண்டையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு சப்பையான நாய் இரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டும், இரைக்கவே அதற்கு வழியில்லை. பனிநாட்டு நாய்க்கு இரண்டடுக்கு முடி.

கலப்பிலும் இதே கதைதான். பொமரேனியனையும் ஹஸ்கியையும் சேர்த்து 'பாம்ஸ்கி' என்று விற்கிறார்கள். இரண்டு பக்கமும் கம்பளிதான். ஏசி மின்கட்டணத்தை நாய்ச் செலவில் சேர்த்துக்கொள்ளத் தயாரென்றால் உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் வேண்டாம்.

4. சந்தைப் பேச்சைக் கற்றுக்கொள்ளுங்கள்

விளம்பரங்களில் அடிபடும் சில சொற்களுக்கு எந்த நாய் இனச் சங்கத்திலும் பொருள் கிடையாது. 'டபுள் போன் லேப்', 'ஹெவி போன்', 'டீக்கப்', 'கல்ச்சர் பாம்' எல்லாம் விலையை ஏற்றுவதற்கு வந்த வார்த்தைகள். 'டபுள் போன்' என்று ஓர் இனமோ உட்பிரிவோ இல்லை. குட்டிக்கு எலும்பு ஒற்றைதான். 'டீக்கப்' என்பது பெரும்பாலும் வளர்ச்சி குன்றிய குட்டி, இல்லையென்றால் நாற்பது நாளில் தாயிடமிருந்து பிரித்த குட்டி.

'வித் பேப்பர் இவ்வளவு, வித்அவுட் பேப்பர் இவ்வளவு' என்று ஒரே குட்டிக்கு இரண்டு விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பேப்பர் என்பது இனப் பதிவுச் சான்றிதழ், அந்தப் பதிவுக்கு ஆகும் கட்டணம் குட்டி விலையோடு ஒப்பிட்டால் சொற்பம். பத்தாயிரம் வித்தியாசம் சொல்கிறார் என்றால், பேப்பர் வேறு ஏதோ குட்டியுடையது.

'கேசிஐ ரிஜிஸ்டர்டு லாப்ரடூடுல்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கேசிஐ எனப்படும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, சென்னையையே தலைமையிடமாகக் கொண்ட சங்கம். அங்கீகரித்த இனங்களுக்குத்தான் அது சான்றிதழ் தரும், கலப்புக்குத் தராது. டூடுல் அதன் பட்டியலில் இல்லை.

5. தாயைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்

இந்த ஒன்றை மட்டும் நான் கடைப்பிடித்திருந்தால் 23,000 ரூபாயும் ஐந்து ராத்திரித் தூக்கமும் மிச்சம். 'தூரம் மேடம், நானே வண்டியில கொண்டாந்து தரேன்' என்பது உதவி மாதிரித்தான் கேட்கும். குட்டி பிறந்த இடத்தை நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்வது அது. வீடியோ காலில் காட்டுகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீடியோவில் எனக்கு ஒரு அழகான லேபைக் காட்டினார்கள். அதன் மடி வற்றி ஒட்டியிருந்ததை இப்போது அந்த வீடியோவைத் திரும்பப் பார்க்கும்போதுதான் கவனிக்கிறேன். குட்டி போட்டு ஆறு வாரம் ஆன தாய்க்கு மடி அப்படி இருக்காது.

நேரில் போனால் இதையெல்லாம் பாருங்கள். தாய் குட்டிகளோடு இருக்கிறதா, குட்டிகள் போய் முட்டினால் விடுகிறதா, ஆளைக் கண்டு ஒடுங்குகிறதா. தரையில் ஃபினாயில் வாசனையை மீறி வேறு வாசனை வருகிறதா. ஒரே இடத்தில் லேப், ஷிட்சு, ஹஸ்கி, பூடில், 'டூடுல்' என்று ஏழெட்டு வகைக் குட்டிகள் இருந்தால் அது வளர்ப்பிடம் அல்ல, இறக்குமதிக் கிடங்கு. குட்டிகள் எங்கிருந்தோ லாரியில் வந்தவை. நல்ல வளர்ப்பாளர் ஒன்றிரண்டு இனத்தோடு நிறுத்திக்கொள்வார். உங்களையே குறுக்கு விசாரணை செய்வார். 'ஃபிளாட்டா? பால்கனி கம்பி இடைவெளி எவ்வளவு?' என்று என் அலுவலகத் தோழியிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். அவள் கோபப்பட்டாள். நானாக இருந்தால் அங்கேயே முன்பணம் கொடுத்திருப்பேன்.

விதிகளும் உங்கள் பக்கம் உண்டு. 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, குட்டிகளை விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. தாய்க்குப் பதினெட்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், பன்னிரண்டு மாதத்தில் ஒரு ஈற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. 'உங்க போர்டு ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்ன சார்? இது எத்தனாவது ஈத்து? போன ஈத்து எந்த மாசம்?' என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பதில் சொல்பவர் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

6. காகிதங்கள்

சாதி நாய் என்றால் கேசிஐ சான்றிதழில் நாயின் பெயர், பிறந்த தேதி, தாய் தகப்பன், மூன்று தலைமுறை முன்னோர், மைக்ரோசிப் (தோலுக்கடியில் ஏற்றும் அடையாளச் சில்லு) எண் எல்லாம் இருக்கும். சிப் எண் 15 இலக்கம். காகிதத்தில் எண் இருந்தால் மட்டும் போதாது, குட்டியின் கழுத்தில் ஸ்கேனர் வைத்து அதே எண் வருகிறதா என்று பாருங்கள். பிரீடரிடம் ஸ்கேனர் இல்லையென்றால் பக்கத்து கிளினிக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம். பிறகு உரிமையாளர் பெயரை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு அவர் ஒப்புதல் தேவை. அதை அன்றே வாங்கிவிடுங்கள். 'பேப்பர் மூணு மாசத்துல கூரியர்ல வரும்' என்ற வாக்குறுதியில் எத்தனையோ பேர் இன்னும் காத்திருக்கிறார்கள். பதிவு நடைமுறையில் இருந்தால் ஈற்றுப் பதிவுக்கான விண்ணப்ப ரசீதையாவது காட்டச் சொல்லுங்கள்.

முன்னோர் பட்டியலை வாங்கியதும் மடித்து வைத்துவிடாமல் படியுங்கள். தாய் பக்கமும் தகப்பன் பக்கமும் ஒரே தாத்தா பெயர் வந்தால் நெருங்கிய உறவில் எடுத்த குட்டி. 'சாம்பியன் லைன்' என்று பெருமையாகவே சொல்வார்கள். மரபணுக் குறை இரட்டிப்பாவதும் அந்த வழியில்தான்.

இன்னொன்று. இந்தச் சான்றிதழை நம் ஊர் பிறப்புச் சான்றிதழ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்குப் பிறந்தது என்று சொல்லும். உடம்பு எப்படி என்று சொல்லாது. உடம்புக்குத் தனியாகக் கேட்க வேண்டும்: தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே அறிக்கை, கண் நோய்க்கான மரபணுச் சோதனை. ராட்வெய்லர், ஜெர்மன் ஷெப்பர்ட், லேப் மாதிரிப் பெரிய நாய்களுக்கு இடுப்பு எக்ஸ்ரே இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். இதைக் காட்டும் பிரீடர்கள் நம் ஊரில் குறைவுதான், ஆனால் இருக்கிறார்கள்.

டூடுல் என்றால் வேலை இரண்டு மடங்கு. குட்டிக்குச் சான்றிதழ் கிடையாது, ஆனால் தாய்க்கும் தகப்பனுக்கும் இருந்தாக வேண்டுமே? எஃப்1 என்று சொல்பவரிடம் லேபின் கேசிஐ சான்றிதழ், பூடிலின் கேசிஐ சான்றிதழ், இரண்டின் சிப் எண், இரண்டின் எக்ஸ்ரே என்று கேளுங்கள். 'கிராஸுக்கு எதுக்கு மேடம் பேப்பர்?' என்று எனக்குப் பதில் வந்தது. அப்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

தடுப்பூசி அட்டையில்தான் நான் பெரிதாகக் கோட்டைவிட்டேன். ஊசி போட்டால் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டுவார்கள், அதில் பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் இருக்கும். பக்கத்தில் மருத்துவர் கையெழுத்து, பதிவு எண் கொண்ட முத்திரை. முறுக்கின் அட்டையில் ஸ்டிக்கர் இல்லை. நீல மையில் தேதி மட்டும். அவளுடைய உண்மையான வயதைக் கழித்துப் பார்த்தால் அந்தத் தேதியில் அவளுக்கு மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. அந்த வயதில் யாரும் ஊசி போடுவதில்லை.

7. பணம் கொடுப்பதும் கைச்சாத்தும்

முன்பணம் பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், அதுவும் தாயைப் பார்த்த பிறகு. மீதி, மருத்துவர் குட்டியைப் பார்த்த பிறகு. வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும்: பிறந்த தேதி, இனம் அல்லது கலப்பு, தாய் தகப்பன் சிப் எண், போட்ட ஊசி, விலை. பத்து நாளைக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் வந்தால் பணம் அல்லது மருத்துவச் செலவு யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். பத்து நாள் என்று சொல்வதற்குக் காரணம், பார்வோ தொற்றி அறிகுறி தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். என் குட்டி நான்காம் நாள் விழுந்தது. அதாவது பெரும்பாலும் கிருமியோடுதான் வந்திருக்க வேண்டும். ஆனால் கையில் பில் இல்லாததால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக்கூட என்னிடம் துண்டுச் சீட்டு இல்லை. ஜிபே ரசீதில் வேறு யாரோ பெயர்.

8. முதல் வருஷக் கணக்கு

என் நோட்டுப் புத்தகத்திலிருந்து அப்படியே தருகிறேன், பார்வோ செலவு நீங்கலாக. தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் சேர்த்து 6,000. சாப்பாடு மாதம் 3,500 வீதம் 42,000. உண்ணி மாத்திரை மாதம் 800 வீதம் 9,600. கருத்தடை அறுவை சிகிச்சை 9,000. குரூமிங் ஒரு தடவைக்கு 1,800, ஆறு வாரத்துக்கு ஒன்று, எட்டு தடவை 14,400. மொத்தம் 81,000. வாங்கிய விலையின் இரண்டு மடங்கை நெருங்குகிறது.

லேப் என்றால் குரூமிங் மிச்சம், சாப்பாட்டில் அது போய்விடும். நீள முடி நாய்க்கு, அது உண்மையான டூடுலோ என்னுடையது மாதிரிப் பெயரளவு டூடுலோ, குரூமிங்கைத் தள்ளிப்போட முடியாது. ஒரு நவம்பர் மழையில் மூன்று வாரம் விட்டேன். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் முடி திரண்டு கம்பளி மாதிரி தோலோடு ஒட்டிவிட்டது, அடியில் சிவந்து புண். சீப்பு உள்ளே போகவே இல்லை. முழு மொட்டைதான் வழி. குரூமர் எடுத்துக் காட்டியது ஒரு முழு மேட் மாதிரி ஒரே துண்டாக வந்திருந்தது. 'முடி கொட்டாது' என்பதற்கு இன்னொரு பொருள், கொட்ட வேண்டிய முடி அங்கேயே சிக்கிக் கிடக்கும் என்பது.

உண்ணி மாத்திரையில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் வருஷம் முழுக்க உண்டு, ஒரு தடவை வந்தால் ரத்தப் பரிசோதனையும் மருந்துமாக இந்த 9,600-ஐத் தின்றுவிடும்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாளே மருத்துவர். வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் குறைவு, வரிசை நீளம், காலையிலேயே போய்விடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டு ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தவை, பதினாறு வாரம்வரை. மூன்றாம் மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. இந்தச் சுற்று முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிட வேண்டாம். தோளில் தூக்கிக்கொண்டு வெளியே காட்டலாம், காட்டவும் வேண்டும். இல்லையென்றால் ஆட்டோ சத்தத்துக்கே நடுங்கும் நாயாக வளரும்.

வெறிநாய்க்கடி ஊசி போட்ட கையோடு மாநகராட்சி உரிமம். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 50 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். உங்கள் படம், நாயின் படம், அடையாள அட்டை, முகவரிச் சான்று, தடுப்பூசிச் சான்று வேண்டும். மைக்ரோசிப்பும் கேட்கிறார்கள். மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களிலேயே போட்டுக்கொள்ளலாம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருப்பதால் தள்ளிப்போட வேண்டாம். விண்ணப்பத்தில் 'இனம்' என்ற கட்டத்தில் கலப்பு நாய்க்குக் கலப்பு என்றே போடுங்கள். நான் ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு அதைத்தான் போட்டேன்.

பிட்புல், ராட்வெய்லர் போன்ற நாய்களோ அவற்றின் கலப்போ என்றால், பணம் கொடுப்பதற்கு முன்பே உரிமம் கிடைக்குமா என்று மண்டல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 2024 மார்ச்சில் 23 இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையை நீதிமன்றங்கள் ரத்து செய்தன, ஆனாலும் உள்ளூர் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

ஃபிளாட் சங்கம் தகராறு செய்தால், இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை அச்செடுத்துக் கொடுங்கள். நாய் வளர்க்கவே கூடாது என்று சங்கம் தீர்மானம் போட முடியாது. லிஃப்டில் கழுத்துப்பட்டையோடு போவது, கழிவை அள்ளுவது நம் பொறுப்பு.

10. இவ்வளவும் படித்த பிறகு தயக்கம் வந்தால்

வரட்டும். வேறு வழிகளும் இருக்கின்றன. நம் ஊர் நாய்களைச் சொல்வார்கள்: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. வெயிலுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஃபிளாட்டுக்கு இவற்றைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை, சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதற்கென்றே பிறந்தவை. தோட்டமும் சுற்றுச்சுவரும் இருந்தால் எடுங்கள். ராஜபாளையம் வாங்கினால் குட்டி தூங்கும்போதோ அதன் முதுகுப் பக்கமிருந்தோ கைதட்டிப் பாருங்கள். வெள்ளை முடி, இளஞ்சிவப்பு மூக்கு உள்ள அந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. மற்ற குட்டிகள் திரும்பும்போது அதுவும் பார்த்துத் திரும்பிவிடும், அதனால் தனியாக வைத்துத் தட்டுங்கள். இதிலும் போலி வந்துவிட்டது. ஏதோ வெள்ளைக் கிராஸை ராஜபாளையம் என்று தள்ளிவிடுகிறார்கள்.

நாய் வளர்த்தே பழக்கமில்லாத வீட்டுக்கு என் யோசனை, மூன்று நான்கு வயதான, யாரோ கைவிட்ட லேபையோ கிராஸையோ காப்பகத்திலிருந்து தத்தெடுப்பது. எவ்வளவு வளரும், முடி கொட்டுமா, குழந்தைகளோடு ஒத்துப்போகுமா, அம்மாவுக்கு வீசிங் வருமா எல்லாம் கண்ணெதிரே தெரிந்துவிடும். எஃப்1, எஃப்2 ஜோசியம் தேவையில்லை. தத்தெடுக்கும்போதும் ஊசி அட்டை, கருத்தடைச் சான்று, தத்துப் படிவம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

குட்டிதான் வேண்டும் என்று முடிவெடுத்தால், தேட ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் நாள் வரை மூன்று மாதம் ஒதுக்குங்கள். நல்ல பிரீடரிடம் அடுத்த ஈற்றுக்குக் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கும். 'இன்னிக்கே எடுத்துக்கலாம் மேடம், ஒண்ணுதான் மிச்சம்' என்று என்னிடம் சொன்னவர் அதே குட்டியின் படத்தை அடுத்த மூன்று வாரமும் விளம்பரத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அது அப்போது எங்கள் வீட்டில், கையில் டிரிப்ஸ் ஊசியோடு, என் மடியில் படுத்திருந்தது.